வயலை விட்டு ஆலைக்குப் போனவர்கள் "விடுவிக்கப்பட்டார்கள்" என்று எழுதலாமா?

களத்துமேடு (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். தொழிற்புரட்சி பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் புரட்டிய புத்தகங்களில் எல்லாம் கதை ஒரே மாதிரிதான் ஓடுகிறது. இங்கிலாந்தில் விவசாயம் முன்னேறியது, கொஞ்சம் ஆட்களை வைத்து நிறைய விளைச்சல் எடுக்க முடிந்தது, அதனால் நிலத்திலிருந்து "விடுவிக்கப்பட்ட" மக்கள் ஆலை வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான், அடுத்த பாராவில் நீராவி இயந்திரம் வந்துவிடும்.

இந்த "விடுவிக்கப்பட்ட" என்ற சொல் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. தாமாகக் கிளம்பிப் போனவர்களுக்கும், இருந்த இடத்தில் பிழைக்க வழியில்லாமல் போனவர்களுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்து பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள்.

விவசாயத்தில் முதலில் மாறியது எது? இயந்திரம் வந்ததால் ஆட்கள் போனார்களா, ஆட்கள் போனதால் இயந்திரம் வந்ததா? அப்புறம், வயலில் வேலை செய்தவருடைய ஒரு நாளும் ஆலைத் தொழிலாளியுடைய ஒரு நாளும் எந்த விதத்தில் வேறுபட்டன? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.


நுகத்தடி (பதில்):

விவசாயத்தில் முதலில் வந்தது இயந்திரம் அல்ல, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெத்ரோ டல் 1701இல் விதைக்கும் கருவி செய்தார் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும், ஆனால் அது சாதாரண விவசாயியின் வயலுக்குப் பரவலாக வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. உண்மையில் முதலில் மாறியது பயிர் வைக்கும் வரிசை. பழைய மூன்று வயல் முறையில் ஒவ்வொரு வருடமும் மூன்றில் ஒரு பங்கு நிலம் தரிசாகக் கிடக்கும், மண் தெளிய அதைத் தவிர வேறு வழி கிடையாது. நார்ஃபோக் பக்கம் பரவிய நான்கு பயிர்ச் சுழற்சியில் கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்று மாறி மாறி வரும். குளோவர் பயறு வகையைச் சேர்ந்த தீவனச் செடி, அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவந்துவிடும். டர்னிப் பனிக்காலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. தீனி இருந்தால் கால்நடை அதிகம் வைத்துக்கொள்ளலாம், கால்நடை இருந்தால் எரு, எரு இருந்தால் அடுத்த கோதுமை நன்றாக வரும். ஆக, தரிசு என்பதே இல்லாமல் நிலம் வருடா வருடம் ஓடத் தொடங்கியது. இதில் ஒரு பல்சக்கரம்கூடக் கிடையாது.

இன்னொரு பெரிய மாற்றம் வேலியடைப்பு. 1750க்கும் 1850க்கும் இடையில் மட்டும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஏறத்தாழ 4,000 வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களையும் ஊர்ப் பொது நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அளந்து, பங்கு பிரித்து, வேலி போட்டுத் தனியார் பெயருக்கு எழுதிக்கொடுப்பது. பத்திரம் வைத்திருந்தவருக்குப் பங்கு வந்தது. பத்திரம் இல்லாமல், தாத்தா காலத்திலிருந்து மாடு மேய்த்த உரிமையை மட்டும் வைத்திருந்த குடிசைக்காரருக்குப் பெரும்பாலும் எதுவும் வரவில்லை, வந்தாலும் சின்னத் துண்டு, அதற்கு வேலி போடும் செலவே தாங்காமல் விற்றுவிட்டார்கள்.

பொது நிலம் என்றால் ஏதோ பொட்டல்காடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பசு அங்கே மேயும், பிள்ளைகளுக்குப் பால் வரும். வாத்து மேயும், பன்றி மேயும். அடுப்புக்குச் சுள்ளியும் காய்ந்த புல்கட்டியும் அங்கிருந்துதான் வரும். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிச் சேர்த்தால் சில வாரங்களுக்கு ரொட்டி மாவு கிடைக்கும். அந்தக் கதிர் பொறுக்குவதுகூடப் பொதுச் சட்டப்படி யாருக்கும் உரிமை இல்லை என்று 1788இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பல ஊர்களில் வழக்கம் தொடர்ந்தது, ஆனால் அதன்பின் அது நிலக்காரர் மனசு வைத்தால் கிடைக்கும் ஒன்றாக ஆகிவிட்டது.

அதற்காக வேலி போட்ட மறுநாளே எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள், அதுவும் சரியில்லை. வேலி கட்ட, வாய்க்கால் வெட்ட, டர்னிப்புக்குக் களை எடுக்க என்று பல இடங்களில் கூலி வேலை கூடவே செய்தது. ஆனால் மக்கள்தொகை அதைவிட வேகமாக ஏறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 1801 கணக்கெடுப்பில் சுமார் 89 லட்சம் பேர், 1851இல் சுமார் 179 லட்சம். ஐம்பது வருடத்தில் இரண்டு மடங்கு. கிராமத்துக் கூலி வேலை இரண்டு மடங்காகவில்லையே, மிச்சம் இருந்தவர்கள் எங்கே போவார்கள்?


ரிங்பிரேம் (பதில்):

நான் ஸ்பின்னிங் மில்லில் பதினோரு வருடம் ரிங் பிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) பார்த்தவன், அதனால் துணிப் பக்கத்தை நான் சொல்கிறேன். நுகத்தடி சொன்ன குடிசைக்குள் இன்னொரு வருமானமும் இருந்தது, அதை விட்டுவிட்டார்: ராட்டை. விவசாயக் கூலி வீடுகளில் பெண்கள் வேலைக்கு நடுவே நூல் நூற்பார்கள், வியாபாரி பஞ்சோ கம்பளி மயிரோ கொடுத்துவிட்டு நூலாக வாங்கிப் போவார். இயந்திரமயமாதல் முதலில் கைவைத்தது இதில்தான்.

அது எப்படி நடந்தது என்று பாருங்கள். ஜான் கே 1733இல் விசைநாடா கொண்டுவந்தார் (நாடா என்பது தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை). அதற்கு முன் அகலத் துணி நெய்ய இரண்டு பேர் தறியின் இரண்டு பக்கமும் நின்று நாடாவை எறிந்து பிடிக்க வேண்டும். விசைநாடா வந்ததும் ஒருவர் கயிற்றை இழுத்தால் போதும், நாடா தானாக ஓடித் திரும்பும். நெசவு வேகமானது, ஆனால் நூற்பு பழைய வேகத்திலேயே இருந்தது, நூலுக்காகத் தறி காத்துக் கிடந்தது. ஏற்கெனவே ஒரு நெசவாளிக்கு நூல் கொடுக்க நாலைந்து பேர் நூற்க வேண்டியிருந்த காலம் அது. அந்த நெருக்கடியில்தான் 1764 வாக்கில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் ஸ்பின்னிங் ஜென்னி வந்தது, ஒரே ஆள் எட்டுக் கதிரை (நூலை முறுக்கிச் சுற்றும் கம்பியை) ஓட்டலாம். 1768இல் அக்கம்பக்கத்தவர்கள் வீட்டுக்குள் புகுந்து அந்த ஜென்னிகளை உடைத்தார்கள், மனிதர் ஊரையே காலி செய்துகொண்டு நாட்டிங்ஹாமுக்குப் போய்விட்டார். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். எட்டுப் பெண்களின் வேலையை ஒரு பெட்டி செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

அப்புறம் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தண்ணீரில் ஓடும் நூற்பு இயந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை வாங்கினார், 1771இல் க்ராம்ஃபோர்டில் ஆலை கட்டத் தொடங்கினார். 1779இல் சாமுவேல் க்ராம்ப்டனின் மியூல் என்ற நூற்பு இயந்திரம். நூல் இப்போது வெள்ளமாகக் கொட்டியது, நெசவாளிகளுக்குக் கொஞ்ச காலம் ராஜ வாழ்க்கை. கிராமத்திலிருந்து ஆட்கள் கைத்தறி பழக ஓடினார்கள். கார்ட்ரைட் 1785இலேயே விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தாலும் அது ஒழுங்காக ஓடுவதற்குள் முப்பது நாற்பது வருடம் ஆனது, அதற்குள் கைத்தறியில் சேர்ந்த கூட்டம் மிகப் பெரியது. ஆட்கள் பெருகப் பெருகக் கூலி இறங்கியது, கடைசியில் விசைத்தறி வந்து மிச்சத்தையும் முடித்து வைத்தது. ஒரே குடும்பத்தில் அம்மாவின் ராட்டை போனது முதல் தலைமுறையில், மகனின் தறி போனது அடுத்த தலைமுறையில்.

இழை எடுப்பது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓடும் இயந்திரத்தில் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும், அதை உடனுக்குடன் ஒட்ட வேண்டும். நான் வேலை பார்த்தபோது பாபினை (நூல் சுற்றிய குழலை) உருவி, நூல் நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சின்ன வளையத்தில் மாட்டி, முன் உருளையிலிருந்து இறங்கும் பஞ்சோடு சேர்த்துவிடுவேன், பழகிய கைக்கு ஐந்தாறு விநாடி. பழகும்வரை விரல் நுனி எரியும். பழைய மியூலில் கதிர்கள் நிற்கும் வண்டியே ஒன்றரை மீட்டர் வரை முன்னால் வந்து பின்னால் போகும், அது வந்து போகும் இடைவெளியில் குனிந்து இழை ஒட்டுவது சிறுவர் சிறுமியரின் வேலை. அவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் ஓடும் வண்டிக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பஞ்சுத் தூசியைக் கூட்டி எடுப்பார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடும் மெஷின் பக்கத்தில் பெரியவர்களே எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவன் நான்.

பருத்தி எங்கிருந்து வந்தது என்பதையும் குறிப்பில் சேருங்கள். 1793இல் எலி விட்னி அமெரிக்காவில் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின் இயந்திரம் செய்தார். கையால் பிரித்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவதே கடினம். அந்த ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் தெற்கு மாகாணங்கள் முழுக்கப் பருத்தி பரவியது, பறிக்க அடிமைகள் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அடிமைகளின் எண்ணிக்கை 1790இல் சுமார் 7 லட்சம், 1860இல் 40 லட்சத்துக்குப் பக்கம். மான்செஸ்டர் ஆலையின் கதையை அந்தப் பருத்திக் காட்டை விட்டுவிட்டுச் சொல்லவே கூடாது.


சூடடிப்பு (பதில்):

இயந்திரம் வந்து வயலில் ஆளைத் துரத்தியதற்கு நேரடியான உதாரணம் வேண்டுமென்றால் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பாருங்கள்.

அங்கே அறுவடை முடிந்ததும் கதிர்க்கட்டுகளைக் களஞ்சியத்தில் அடுக்கிவிடுவார்கள், அடிப்பது பனிக்காலத்தில். இரண்டு தடிகளைத் தோல்வாரால் இணைத்த கருவி, நீளமானது கைப்பிடி, குட்டையானது சுழன்று போய்க் கதிரில் விழும். இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டு ஒருவர் தடி இறங்கும்போது மற்றவர் தடி ஏற, தாளம் தப்பாமல் அடிப்பார்கள், தப்பினால் தடி ஆள் மேல் விழும். களஞ்சியத்துக்குள் புழுதி நிற்கும், மூச்சு இழுக்கும், உடம்பை முறிக்கும் வேலை. ஆனாலும் நவம்பர் முதல் வசந்தம்வரை, வயலில் வேறு எந்த வேலையும் இல்லாத மாதங்களில், கூலிக்காரர் வீட்டில் அடுப்பெரிந்தது இந்த வேலையால்தான்.

ஆண்ட்ரூ மீகிள் என்ற ஸ்காட்லாந்து ஆலைக் கைவினைஞர் 1786 வாக்கில் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். குதிரையைச் சுற்றவிட்டால் உருளை சுழன்று மணிகளை உதிர்த்துவிடும், பல வார வேலை சில நாளில் முடிந்தது. நெப்போலியன் போர் நடந்தவரை ஆள் தட்டுப்பாடு, அதனால் பெரிய எதிர்ப்பு இல்லை. (களத்துமேடு கேட்டாரே, ஆள் போனதால் இயந்திரம் வந்ததா என்று, இந்த இடத்தில் ஆமாம்.) 1815இல் போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள், ஆட்கள் குவிந்தார்கள், தானிய விலை விழுந்தது, ஆனால் இயந்திரம் போகவில்லை. பனிக்கால வேலை போனவர்கள் ஊர் நிதியிலிருந்து உதவி வாங்கித்தான் பிழைத்தார்கள்.

1830 ஆகஸ்ட் கடைசியில் கென்ட் பகுதியில் ஒரு இரவு கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை உடைத்தார்கள். அந்தப் பனிக்காலத்துக்குள் அது தென் இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது, நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் உடைந்தன, வைக்கோல் போர்கள் எரிந்தன. நிலக்காரர்களுக்கு "கேப்டன் ஸ்விங்" என்ற பெயரில் மிரட்டல் கடிதங்கள் போயின, அப்படி ஒரு ஆளே கிடையாது. சுழன்று விழும் அந்தத் தடியின் பெயரே அது என்று சிலர் சொல்வார்கள். கலகக்காரர்கள் கேட்டது கூலி உயர்வும் பனிக்கால வேலையும்தான், அவர்கள் கையால் ஒருவரும் கொல்லப்படவில்லை. அரசு 19 பேரைத் தூக்கிலிட்டது, 500 பேருக்குப் பக்கமாக ஆஸ்திரேலியப் பக்கம் நாடு கடத்தியது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவேயில்லை.

ஆனால் அதன்பின் அந்தப் பகுதிகளில் கதிரடிக்கும் இயந்திரம் வாங்க நிலக்காரர்கள் தயங்கினார்கள், இயந்திரம் பரவுவது பல வருடம் தள்ளிப்போனது. உடைத்ததால் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.


மணிக்கூண்டு (பதில்):

கடைசிக் கேள்விக்கு, அதாவது வேலைநாள் பற்றி.

வயல் வேலையும் வீட்டு நெசவும் சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஆனால் அங்கே வேலைக்கு அளவு வேலையேதான். இந்த வயலை அறுத்து முடிக்க வேண்டும், இந்தப் பாவு நூலை நெய்து முடிக்க வேண்டும். வீட்டு நெசவாளிகள் திங்கட்கிழமையை விடுமுறையாக்கி, "புனிதத் திங்கள்" என்று பெயரும் வைத்து, அடுத்த நாட்களில் இரவெல்லாம் விளக்கு வைத்து நெய்து சனிக்கிழமைக்குள் ஈடுகட்டுவார்கள். எப்போது வேகம், எப்போது நிதானம் என்பது அவர்கள் கையில் இருந்தது.

ஆலையில் வேகத்தைத் தீர்மானித்தது தண்ணீர்ச் சக்கரம், அப்புறம் நீராவி. ஒரே இயந்திரத்திலிருந்து தண்டும் வாரும் வழியாக எல்லா மாடிக்கும் விசை போகிறது என்றால், அது ஓடும்போது எல்லோரும் இருந்தாக வேண்டும், ஒருவர் மட்டும் பிறகு வருகிறேன் என்று சொல்ல முடியாது. மணி அடிக்கும், கதவு பூட்டப்படும், தாமதமாக வந்தால் அபராதம். பல வீடுகளில் கடிகாரம் கிடையாது, அதனால் விடியற்காலையில் நீளக் கழியால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்பிவிடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். 1805 வாக்கில் சால்ஃபோர்டில் ஒரு நூற்பாலையில் எரிவாயு விளக்கு வந்தது, அதன் பிறகு இருட்டுக்கூட வேலையை நிறுத்தவில்லை. ரயிலும் சேர்ந்துகொண்டது. அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் சூரியனை வைத்துத் தனி மணி இருந்தது, 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லண்டன் நேரத்தை வைத்தது, 1880இல் அது சட்டமானது.

இந்த நேரத்தைத் திரும்ப வாங்கத்தான் ஒரு நூற்றாண்டுப் போராட்டம். 1833 தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கத் தடை போட்டது (பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு), சட்டத்தைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே நான்கு ஆய்வாளர்கள். 1842இல் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1847இல் பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பத்து மணி நேரம். ஆண்களுக்குச் சட்டத்தில் வரம்பு இல்லை, ஆனால் பெண்களும் பிள்ளைகளும் போய்விட்டால் ஆலையை ஓட்டவும் முடியாது.


மறுபக்கம் (பதில்):

எல்லோரும் எழுதியதைப் படித்தேன், தகவலில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் இப்படியே விட்டால் பிள்ளைகள் பழைய கிராமம் சொர்க்கம் என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் கொஞ்சம் மறுத்துச் சொல்கிறேன்.

ஆலைக்கு முன்பும் பிள்ளைகள் வேலை செய்தார்கள், வீட்டுக்குள் செய்ததால் கணக்கில் வரவில்லை. ஒரு மோசமான அறுவடை வந்தால் பட்டினிதான். இன்று நாம் சாப்பிடும் அளவு சாப்பாடு அந்த விவசாயத்தில் விளைந்திருக்கவே முடியாது. 1831இல் சைரஸ் மெக்கார்மிக் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார், 1837இல் ஜான் டியர் ஒட்டும் புல்வெளி மண்ணில் வழுக்கிப் போகும் எஃகுக் கலப்பைக் கொழு செய்தார். பிறகு டிராக்டர். டிராக்டருக்கு முன் அமெரிக்க விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தீனி விளைவிக்கவே போனது, டிராக்டர் வந்ததும் அந்த நிலம் மனிதருக்கான உணவுக்குத் திரும்பியது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார், 1913இல் கார்ல் போஷ் அதை ஜெர்மனியின் ஓப்பாவ் தொழிற்சாலையில் பெரிய அளவில் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். நுகத்தடி சொன்ன குளோவர் வருடம் முழுக்கச் செய்ததை ஒரு மூட்டை உரம் செய்தது. அதே அம்மோனியா முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கும் போனது, அதை மறைக்கவில்லை, ஆனால் இன்றைக்கு உலகில் ஏறத்தாழ பாதிப் பேருக்கான உணவு அந்த உரத்தை நம்பி நிற்கிறது.

1900இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேர் விவசாயத்தில் இருந்தார்கள், இன்று நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை. மீதிப் பேரில்தான் ஆசிரியரும் செவிலியரும் இருக்கிறார்கள். இவர்களுக்காவது "விடுவிக்கப்பட்டார்கள்" என்று எழுதலாம் அல்லவா?


ரிங்பிரேம்:

மறுபக்கம், நீங்கள் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு இடத்தைத் தவிர. இங்கிலாந்தில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி ஏறிக்கொண்டே போன அந்த முதல் அரை நூற்றாண்டில், சுமார் 1790 முதல் 1840 வரை, கூலியின் வாங்கும் சக்தி அதோடு சேர்ந்து ஏறவில்லை. நல்ல கூலி வந்தது அதற்குப் பிறகு. ஜென்னி வந்தபோது ராட்டையை இழந்த பெண்மணி தன் பேரனின் நல்ல கூலியைப் பார்க்க இருந்திருக்க மாட்டார். அவருக்கு என்ன கணக்குச் சொல்வது என்பதுதான் என் வருத்தம்.


களத்துமேடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது எனக்கு ஒன்று புரிகிறது. ஒரு குடிசையில் நான்கு வருமானம் இருந்திருக்கிறது: பொது நிலத்துப் பசுவும் விறகும், பெண்களின் ராட்டை, பனிக்காலக் கதிரடிப்பு, கோடைக்கால வயல் கூலி. முதல் மூன்றும் வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு காரணத்தால், வெவ்வேறு ஆட்களால் போயிருக்கின்றன. கடைசியில் மிஞ்சியது வருடத்தில் சில மாதக் கூலி மட்டும். அந்த நிலையில் இருபது மைல் தள்ளி ஒரு ஆலை வருடம் முழுக்கச் சம்பளம் தருகிறது என்றால் போகத்தான் செய்வார்கள். அதைத் தாமாகப் போனார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, சாட்டையால் அடித்துத் துரத்தினார்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

குறிப்பில் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "நிலத்திலும் வீட்டிலும் இருந்த சின்னச் சின்ன வருமானங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனதால், கிராமக் குடும்பங்கள் பல ஆலைக் கூலியைத் தேடிப் போயின." தேர்வுக்கு மனப்பாடம் செய்யக் கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. மறுபக்கம் சொன்ன உரமும் டிராக்டரும் அடுத்த பாடத்துக்கு, அங்கே உங்கள் பதிலை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆலைக்குப் போனது தனி ஆட்களா, குடும்பமாகவா? பிள்ளைகள் கேட்பார்கள்.


ரிங்பிரேம்:

இடத்துக்கு இடம் வேறு. அநாதைப் பிள்ளைகளை ஊர் நிர்வாகமே ஒப்பந்தம் போட்டுக் கூட்டமாக ஆலைக்கு அனுப்பியதும் நடந்தது. க்ராம்ஃபோர்டில் ஆர்க்ரைட் பெரிய குடும்பங்களைத் தேடினார், குறிப்பாகப் பிள்ளைகள் நிறைய உள்ள நெசவாளிக் குடும்பங்கள் தேவை என்று விளம்பரமே கொடுத்தார். அவர்களுக்காக 1776 வாக்கில் நார்த் ஸ்ட்ரீட் என்ற தெருவில் மூன்று மாடி வரிசை வீடுகள் கட்டினார், அவை இன்றும் நிற்கின்றன. படம் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மேல் மாடியில் மட்டும் ஜன்னல் அகலமாக நீண்டு இருக்கும். தறிக்கு வெளிச்சம் வேண்டுமே, அதற்காக. அம்மாவும் பிள்ளைகளும் ஆலைக்குப் போய்விடுவார்கள், அப்பா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர்கள் நூற்ற நூலை நெய்வார்.